செல்போன் செயலியில் சுற்றும் வட்டம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

கீழப்பழுவூர் கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த மளிகைக் கடையின் முன் நின்றாலும் இக்காட்சியைக் காணலாம். வாடிக்கையாளர் கல்லாவின் மேல் ஒட்டியிருக்கும் கட்டத்தை நோக்கிச் செல்போனை நீட்டுகிறார், தொகையைப் போடுகிறார், இரகசிய எண்ணைத் தட்டுகிறார். உடனே திரையில் ஒரு சிறு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. அவர் கடைக்காரரைப் பார்க்கிறார். கடைக்காரர் பேசும் பெட்டியைப் பார்க்கிறார். பெட்டி வாய் திறக்கவில்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்; அவர்களில் ஒருவருக்கு அரியலூர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

அந்த அரை நிமிடத்தில் கடைக்காரர் எடுக்கும் முடிவால் பணமும் போகலாம், பெயரும் போகலாம். நமது உறுப்பினர் ஒருவரின் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதச் சாமான் வாங்க வந்த ஓர் அம்மாள் 640 ரூபாய் செலுத்தினார். வட்டம் சுற்றியது. "அண்ணே, எனக்குப் பணம் எடுத்துட்டதா மெசேஜ் வந்துடுச்சு" என்றார் அவர். "எனக்கு இன்னும் வரலையேம்மா" என்றார் இவர். இருவருமே பொய் சொல்லவில்லை. கடையில் கூட்டம். "இன்னொரு முறை போட்டுடுங்கம்மா, அது வந்துச்சுன்னா திருப்பித் தந்துடறேன்" என்று கேட்டு வாங்கிவிட்டார். இரவு கணக்கு முடிக்கும்போது இரண்டு 640 ரூபாயும் வரவில் இருந்தன. மறுநாள் காலையில் அந்த அம்மாளைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அதற்குள் அந்தத் தெரு முழுவதும், அந்தக் கடையில் இரண்டு தடவை பணம் வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. இருபது வருடங்களாக நிறுவையில் ஒரு கிராம் குறை சொல்ல இடம் தராத கடை அது.

இந்த வட்டம் எதைக் குறிக்கிறது, அது சுற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை வணிகர்கள் தெரிந்துகொண்டால் இத்தகைய சங்கடங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். பணம் வாங்கும் செயலிக்கு மட்டுமன்று, பில் போடும் செயலிக்கும், மொத்த வியாபாரிகள் ஆர்டர் எடுக்கும் செயலிக்கும் இதே கதைதான்.

கிடங்குக்குப் போன பையன்

நம் தொழிலில் தினமும் செய்யும் வேலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடை தெருவில் இருக்கிறது. கிடங்கு பின் சந்தில் இருக்கிறது. ஒருவர் ஒரு மூட்டை பொன்னி அரிசி கேட்கிறார். பையனைக் கிடங்குக்கு அனுப்புகிறோம். அவன் திரும்பும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போமா? அடுத்தவருக்குச் சீரகம் நிறுப்போம், மற்றொருவருக்குப் பாக்கி சில்லறை கொடுப்போம். பையன் மூட்டையோடு வந்ததும் உரியவரின் வண்டியில் ஏற்றச் சொல்வோம். கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கல்லாவைக் கவனிப்பது என்ற இந்தப் பழைய பழக்கத்தைத்தான் கணினித் துறையினர் 'ஒத்திசையா வினவல்' என்று பெரிய பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

உங்கள் செல்போனில் உள்ள பில் செயலிக்குள் ஒரு பேரேடு இருக்கிறது. அதை டேட்டாபேஸ் என்பார்கள். பெரும்பாலான செல்போன்களில் அது 'எஸ்.க்யூ.லைட்' என்ற மென்பொருளால் ஆனது. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். செயலியின் திரையை வரைவதும், உங்கள் விரல் பட்டால் கவனிப்பதும் ஒரே ஓர் ஆளின் பொறுப்பு; அவரைக் கல்லாவில் இருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவரே பேரேட்டைப் புரட்டப் போய்விட்டால் கல்லாவில் ஆளில்லை. திரை உறைந்து நிற்கும். ஆண்ட்ராய்டு செல்போனில் விரல் பட்டு ஐந்து வினாடிகளுக்கு மேல் பதில் இல்லையென்றால், 'செயலி பதிலளிக்கவில்லை, மூடிவிடலாமா?' என்று செல்போனே கேட்கும். பலர் அப்போது மூடிவிடுகிறார்கள். பாதி எழுதிய பில் போய்விடுகிறது. இதற்காகவே கூகிள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'ரூம்' என்ற கருவித் தொகுப்பு, கல்லாவில் இருப்பவர் பேரேட்டைத் தொடவே அனுமதிப்பதில்லை. செயலி எழுதுபவர் வலிந்து அனுமதித்தால்தான் உண்டு. வேறொரு பையனை அனுப்பியே ஆக வேண்டும்.

இங்கே இடையில் ஒன்று. "வாங்கிய புதிதில் பறந்தது, இப்போது நொண்டுகிறது" என்று பில் செயலியைப் பற்றிப் பலர் நம்மிடம் குறைபட்டுக் கொள்கிறார்கள். புதிதில் பேரேட்டில் இருநூறு சரக்கும் பத்து பில்லும் இருந்தன. மூன்று வருடங்களில் பல ஆயிரம் பில்கள் சேர்ந்துவிட்டன. அட்டவணை போடாத பேரேட்டில் ஒரு பெயரைத் தேட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டியாக வேண்டும். செல்போன் பழசாகிவிட்டது என்று புதிதாக வாங்கும் முன், பேரேட்டுக்கு அட்டவணை போட்டிருக்கிறதா என்று செயலி விற்றவரைக் கேளுங்கள். பல நேரங்களில் கோளாறு அங்கேதான்.

பதில் தாமதமானால் வரும் தவறுகள்

பையனை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் அதற்கென்று சில தொல்லைகள் உண்டு. கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு அவை ஏற்கெனவே பழக்கமானவை.

முதலாவது, முதலில் போன பையன் முதலில் வருவான் என்ற உறுதி இல்லை. துவரம்பருப்பு விலையைக் கேட்டு ஒருவனை அனுப்புகிறீர்கள். உடனே வாடிக்கையாளர் மனம் மாறி உளுந்து என்கிறார், இன்னொருவனை அனுப்புகிறீர்கள். உளுந்து விலை முதலில் வந்து திரையில் உட்காருகிறது. பின்னால் மூச்சிரைக்க வந்த துவரம்பருப்பு விலை அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. திரையில் பெயர் உளுந்து, விலை துவரம்பருப்புடையது. கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் வித்தியாசத்தில் பத்துக் கிலோ போனால் அன்றைய லாபம் அதோடு சரி. நல்ல செயலி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டோக்கன் எண் கொடுக்கும். பழைய டோக்கனோடு வரும் பதிலைக் குப்பையில் போட்டுவிடும்.

இரண்டாவது, 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று காட்டுவது. இதை நாம் மிகவும் கண்டிக்கிறோம். சர்க்கரை இருப்பு எவ்வளவு என்று கேட்டால், பதில் வருவதற்குள் சில செயலிகள் திரையில் '0' என்று போட்டு வைக்கின்றன. இரண்டு வினாடி கழித்து '40 மூட்டை' என்று மாறும். அந்த இரண்டு வினாடிக்குள் விற்பனைப் பையன் "சரக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டால், வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பதில் வரும்வரை அந்த இடம் வெறுமையாகவோ, 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்றோ இருக்க வேண்டும். காத்திருப்பு, பதில் வந்தது, கேட்டும் கிடைக்கவில்லை என்பவை மூன்று தனித்தனி நிலைகள். மூன்றையும் ஒன்றாகக் காட்டும் செயலியால் நமக்குப் பயனில்லை.

மூன்றாவது, பையனைக் காணோமே என்று இன்னொருவனையும் அனுப்புவது. இருவரும் ஆளுக்கொரு எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். சில்லறைக் கடைக்காரர் தம் மொத்த வியாபாரிக்குச் செல்போன் வழியே ஆர்டர் போடும்போது இது அடிக்கடி நடக்கிறது. டவர் சரியில்லை, வட்டம் சுற்றுகிறது, பொத்தானை மறுபடி அழுத்துகிறார். அங்கே இரண்டு ஆர்டராகப் பதிவாகிறது. லாரியில் இரண்டு மடங்கு சரக்கு வந்து இறங்குகிறது. ஏற்றுகூலி, இறக்குகூலி, திருப்பி அனுப்பும் வாடகை எல்லாம் தண்டம்.

இதற்கு மாற்று நம் பழைய சீட்டு முறையில் இருக்கிறது. கிடங்குக்கு அனுப்பும் சீட்டில் எண் போடுவோம். 218ஆம் எண் சீட்டு இரண்டாம் முறை வந்தால், "இதற்குச் சரக்கு கொடுத்தாகிவிட்டது" என்று கிடங்குக்காரர் திருப்பி அனுப்புவார். செயலியும் அப்படியே. ஆர்டரைத் திறக்கும்போதே அதற்கு ஓர் எண் விழ வேண்டும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போக வேண்டும். அழுத்தும்போதெல்லாம் புது எண் விழுந்தால் அந்தச் செயலியில் ஆர்டர் இரட்டிக்கத்தான் செய்யும்.

நான்காவது, இரண்டு செல்போனில் ஒரே கணக்கு. தந்தை கடையில், மகன் கிடங்கில். இருப்பு 10 மூட்டை. தந்தையின் செல்போன் 10 என்று படித்து, 4 விற்று, 6 என்று எழுதுகிறது. அதே நேரத்தில் மகனுடையது 10 என்று படித்து, 5 விற்று, 5 என்று எழுதுகிறது. கடைசியாக எழுதியதே நிற்கும். ஆக இருப்பு 5. ஆனால் கிடங்கில் இருப்பதோ ஒரே மூட்டை. முன்பு பேரேடு ஒன்று, பேனா ஒன்று, எழுதும் கணக்குப்பிள்ளையும் ஒருவர். இந்தக் குழப்பத்துக்கே வழியில்லை. இன்று அந்தக் கணக்குப்பிள்ளையின் வேலையை எங்கோ உள்ள தலைமைக் கணினி செய்ய வேண்டும். '6 என்று எழுது' என்று அதற்குச் சொல்லக்கூடாது. '4ஐக் கழி' என்று சொல்ல வேண்டும். அது ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்துக்கொள்ளும்.

2025 ஏப்ரலில் நாடே நின்ற நாள்

இனி யு.பி.ஐ. விஷயத்துக்கு வருவோம். 2008இல் தொடங்கப்பட்ட தேசியப் பட்டுவாடாக் கழகம் 2016இல் இம்முறையைக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதப் பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. அந்த அம்மாளின் 640 ரூபாய் அவர் செல்போனிலிருந்து நேராக நம் கணக்குக்கு வருவதில்லை. அவருடைய செயலிக்குப் பின்னால் ஒரு வங்கி, அதிலிருந்து கழகம், கழகத்திலிருந்து அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போய்ப் பணம் பற்று, மீண்டும் கழகம், அங்கிருந்து நம் வங்கிக்கு வந்து வரவு, அதற்கும் பிறகு இருபக்கமும் செய்தி. ஒவ்வொரு கட்டத்திலும், 'உங்கள் செய்தி வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை உடனே போய்விடும். 'வேலை முடிந்தது' என்ற பதில் தனியே பின்னால் வரும். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வேறு, தபாலுக்கு அவர் எழுதும் பதில் வேறு அல்லவா? அதைப் போல.

பதில் வரத் தாமதமானால் வங்கிகளின் கணினிகள், 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' என்று கழகத்தைக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, சித்திரை முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்னர், நாடெங்கும் யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது. பின்னர் கழகம் ஆராய்ந்தபோது, இந்த நிலைக் கேள்விகளே வெள்ளமாக வந்து குவிந்ததைக் கண்டது. சில வங்கிகளின் பக்கமிருந்து பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பணம் அனுப்பும் வேலை நின்று, பணம் என்ன ஆயிற்று என்று கேட்கும் கூட்டமே வாசலை அடைத்துக்கொண்டது. பண்டிகை நெருங்கும் நேரத்தில் ரேஷன் கடை வாசலில், "சர்க்கரை வந்துடுச்சா?" என்று நிமிடத்துக்கொரு முறை நூறு பேர் கேட்டால் எடை போடுபவர் எப்போது எடை போடுவார்?

அதற்குப் பின் கழகம் வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பணம் செலுத்திய பிறகு 90 வினாடி பொறுத்தே முதல் நிலைக் கேள்வி என்று அப்போது வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் மூன்று முறை மட்டும். 2025 ஜூன் 16 முதல் பணம் செலுத்தும் கோரிக்கைக்குப் பதில் தரும் கெடு 30 வினாடியிலிருந்து 15 ஆகவும், நிலைக் கேள்விக்கு 30இலிருந்து 10 ஆகவும் குறைக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒருவர் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் கணக்கு இருப்பைப் பார்க்க முடியாதபடி செய்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பாங்கி இருப்பைத் திறந்து பார்க்கும் வழக்கமுள்ள நம் உறுப்பினர்கள் இந்தக் கடைசி விதியைக் கவனிக்கவும். மாலைக் கூட்டத்தில் ஐம்பது என்பது சீக்கிரம் முடிந்துவிடும்.

கல்லாவில் செய்ய வேண்டியது

மேலே சொன்ன 640 ரூபாய்க் கதையில் ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. உறுப்பினர் பிறகு தம் வங்கிக் கணக்கை எடுத்துப் பார்த்தார். முதல் 640 ரூபாய், அந்த அம்மாள் கடையில் நின்றுகொண்டிருந்த நேரத்திலேயே வரவாகியிருந்தது. பேசும் பெட்டிதான் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் தனியே ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதற்கு டவர் கிடைக்காவிட்டால் பணம் வந்திருந்தாலும் அது பேசாது. பெட்டி பேசாததைப் பணம் வராததாக அவர் எடுத்துக்கொண்டார். '0' என்று காட்டிய இருப்பைப் போன்றதே இதுவும்.

வாடிக்கையாளரின் திரையில் வரும் பச்சை நிற அடையாளத்தை நம்புவதும் அதேபோல் தவறு. அதே மாதிரி தோற்றம் காட்டும் போலிச் செயலிகளால் ஏமாந்த கடைகள் உண்டு. பழைய படத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. கடைக்காரர் பார்க்க வேண்டியது தம்முடைய வணிகர் செயலியில் உள்ள வரவுப் பட்டியல் ஒன்றையே. அதில் தொகை, நேரம் இரண்டும் சரியாக இருந்தால் பணம் வந்துவிட்டது. பெட்டி என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும் சரி.

பட்டியலிலும் இல்லை, வாடிக்கையாளருக்குப் பணம் பிடித்ததாகச் செய்தியும் வந்துவிட்டது என்றால், மறுபடி செலுத்தச் சொல்வதை முதல் வழியாக வைக்கவே கூடாது. இரண்டு நிமிடம் ஓரமாக நிற்கச் சொல்லி அடுத்தவரைக் கவனிக்கலாம். அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்போதும் தெரியாவிட்டால், அவருடைய செயலியில் அந்தப் பரிவர்த்தனைக்கு உரிய 12 இலக்க எண் இருக்கும். அதையும் பெயரையும் தொகையையும் கல்லா நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் சரக்கைக் கொடுத்தனுப்பலாம். கடன் எழுதுவது நமக்குப் புதிதன்று. தெரியாதவர் என்றால் ரொக்கம் கேட்கலாம், அல்லது சாமானைக் கட்டித் தனியே எடுத்து வைக்கலாம். இரண்டிலும் அவருக்கு அவமானம் வராதபடி பேசுவது கடைக்காரரின் கையில் இருக்கிறது. நான்கு பேர் நடுவில், "பணமே வரலையே" என்று உரக்கச் சொல்வதைக் காட்டிலும், "நெட்டு மெதுவா இருக்கும்மா, செத்த இருங்க" என்பது மேல்.

சிக்கிக்கொண்ட பணம் என்ன ஆகும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கை இருக்கிறது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் பற்றாகி, வரவாகவில்லையென்றால், பரிவர்த்தனை நாளுக்கு மறுநாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். வணிகருக்குச் செலுத்தி, வணிகரிடத்தில் உறுதிச் செய்தி கிடைக்காத பணத்துக்கு ஐந்து நாள் கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. சொந்தப் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கின் கட்டத்தையே கடையில் ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு முதல் விதி. வணிகர் கணக்கு எடுத்தவர்களுக்கு இரண்டாவது. வாடிக்கையாளருக்கு இதை எடுத்துச் சொன்னாலே பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது. முறையீடு அவருடைய செயலியிலோ வங்கியிலோ தொடங்க வேண்டும். 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. பணம் மோசடியாகப் போனதென்றால் தாமதிக்காமல் 1930.

செயலி வாங்கும் முன் ஒரு சோதனை

பில் செயலியோ ஆர்டர் செயலியோ விற்க வருபவர் அதை நல்ல டவர் உள்ள இடத்தில் வைத்து ஓட்டிக் காட்டுவார். அதில் எல்லாம் பறக்கும். நீங்கள் அதை வாங்கி விமானக் குறியை அழுத்தி, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள். 'இணைப்பு இல்லை, பில் இந்தச் செல்போனில் பத்திரமாக இருக்கிறது, பிறகு அனுப்பப்படும்' என்று சொல்கிறதா, அல்லது முடிவில்லாமல் வட்டம் சுற்றுகிறதா? ஆர்டர் பொத்தானை மூன்று முறை அழுத்திவிட்டு இணைப்பைத் திரும்பக் கொடுங்கள். மறுபக்கம் ஓர் ஆர்டர் போகிறதா, மூன்றா? பட்டியல் வந்துகொண்டிருக்கும்போதே வேறு சரக்கின் பெயரைத் தட்டிப் பாருங்கள். விலை சரியான பெயரின் கீழ் நிற்கிறதா? பில் பாதியில் இருக்கும்போது செயலியை மூடித் திறங்கள், எழுதியது இருக்கிறதா?

இந்த நான்கையும் நம் உறுப்பினர் ஒருவர் தம் கடைக்கு வந்த விற்பனைப் பிரதிநிதியின் முன்னாலேயே செய்து பார்த்தார். இரண்டில் தேறியது, ஆர்டர் மூன்றாகப் போனது, மூடித் திறந்தபோது பில் காணாமல் போனது. சரிசெய்து கொண்டு வருவதாகச் சொல்லிப் பிரதிநிதி எழுந்து போனார். ஆறு வாரம் கழித்து வந்தபோது ஆர்டர் ஒன்றாகவே போயிற்று. பில் விஷயம் மட்டும் இன்னும் பாக்கி. பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். உறுப்பினர் இன்னும் வாங்கவில்லை.